கபிலக்கல்லும் கல்வெட்டும்: கோவலூர் வரலாற்றின் சான்றுகளைப் படிக்கும் முறை

ஆய்வேடுகளின் முன்னுரையில் தவறாமல் இடம்பெறும் வாய்பாடு ஒன்று உண்டு. இன்னின்ன நூல்கள் முதன்மை ஆதாரங்கள், அவற்றைப் பற்றி எழுந்த நூல்களும் கட்டுரைகளும் துணைமை ஆதாரங்கள் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு, ஆய்வேட்டின் கடைசிப் பக்கம் வரையில் அந்தப் பாகுபாட்டை ஆய்வாளர் மறுபடி எண்ணிப் பார்ப்பதே இல்லை. நூலகத்தில் நூல்களை இந்த அடுக்கு, அந்த அடுக்கு என்று பிரித்து வைப்பதைப் போல, சான்றுகளுக்கும் ஒருமுறை பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. ஒரு சான்று முதன்மையானதா துணைமையானதா என்பது அந்தச் சான்றின் இயல்பில் உறைந்து கிடப்பதில்லை, அதனிடம் கேட்கப்படும் கேள்வியைப் பொறுத்தே அது மாறுகிறது என்பதை இச்சொற்பொழிவு திருக்கோவிலூர் வட்டாரத்தின் சான்றுகளைக் கொண்டே விளக்க முற்படுகிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். ஆராயப்படும் காலத்திலேயே, ஆராயப்படும் நிகழ்வோடு தொடர்புடையோரால் உருவாக்கப்பட்ட கல்வெட்டு, செப்பேடு, நாணயம், பாடல், கடிதம், நில ஆவணம், நேரில் கண்டோரின் வாய்மொழி ஆகியவை முதன்மைச் சான்றுகள் எனப்படும். அவற்றைப் பின்னாளில் ஒருவர் தொகுத்தோ ஒப்பிட்டோ விளக்கியோ எழுதியவை துணைமைச் சான்றுகள். அத்தகைய பல நூல்களிலிருந்து முடிந்த முடிபாகக் கருதப்படுவனவற்றை மட்டும் சுருக்கித் தரும் கலைக்களஞ்சியம், பாடநூல், அகராதி போன்றவை மூன்றாம் நிலையின. இந்த வரையறைகளில் பிழையில்லை. ஆயினும் இவற்றை ஊரில் கிடக்கும் உண்மையான கல்லிலும் ஏட்டிலும் பொருத்திப் பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

திருக்கோவிலூர் இதற்கு ஏற்ற இடம். சங்கப் பாடல்களில் கோவல் என்றும் கோவலூர் என்றும் குறிக்கப்படும் இவ்வூர் பெண்ணையாற்றின் தென்கரையில் இருப்பது. மலையமான் திருமுடிக்காரியின் ஊர். அட்ட வீரட்டானங்களுள் ஒன்றும், உலகளந்த பெருமாள் கோயிலும் இங்கு உள்ளன. பழந்தமிழ்ப் பாடல், தமிழ்ப் பிராமிப் பொறிப்பு, செப்புக் காசு, சோழர் கல்வெட்டு, பத்தி இலக்கியம், தலபுராணம், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து அரசு நூல், மலைமக்களின் வாய்மொழி என்று சான்று வகைகளில் ஏறத்தாழ எல்லாம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் கிடைப்பது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

இவற்றுள் ஆய்வாளரை அதிகம் தடுமாற வைப்பது கபிலரின் முடிவு பற்றிய செய்தி. பறம்பின் தலைவன் பாரி இறந்தபின் அவன் மகளிரைக் காக்கும் பொறுப்பை ஏற்ற கபிலர், விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று அவர்களை மணந்துகொள்ளுமாறு கேட்டதைப் புறநானூற்றின் 200 முதல் 202 வரையிலான பாடல்கள் கூறுகின்றன. பின்னர் அவர் உயிர்விட்ட செய்தி 236ஆம் பாடலோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அப்பாடலை மட்டும் தனியே எடுத்துப் படிப்பவருக்கு அதில் கிடைப்பது இவ்வளவுதான்: தன்னுடன் வரவிடாமல் பாரி தன்னைத் தங்கச் சொல்லிவிட்டுச் சென்றதை எண்ணிப் புலவர் வருந்துகிறார்; இப்பிறவியில் இருந்ததுபோல மறுபிறவியிலும் இருவரும் பிரியாது வாழும்படி ஊழ் கூட்டுவிக்க வேண்டும் என்று விரும்புகிறார். எவ்வாறு உயிர்விட்டார், எங்கே உயிர்விட்டார் என்ற குறிப்பு பாடலுக்குள் இல்லை.

வடக்கிருந்து, அதாவது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து, கபிலர் உயிர்நீத்தார் என்பதைச் சொல்வது பாடலின் அடியில் உள்ள பழங்குறிப்பு. பதிப்பாசிரியர்கள் கொளு என்று அழைக்கும் இக்குறிப்பு, பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், எச்சூழலில் பாடியது என்பதைத் தெரிவிப்பது. பாடல்களைத் தொகுத்தோரோ அவர்களுக்குப் பின் வந்தோரோ எழுதிச் சேர்த்தது. பாரியின் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்த பிறகே புலவர் வடக்கிருந்தார் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றியபோது பாடலும் கொளுவும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தன. அதனாலேயே பெரும்பாலான ஆய்வாளர்கள் இரண்டையும் ஒரே சான்றாக எண்ணி, புறநானூறு கூறுகிறது என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் பாடல் ஒரு சான்று, கொளு அதன்மேல் எழுந்த மிகப் பழைய விளக்கம். கொளுவை ஒதுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. தொகுத்தோருக்கு இன்று இழந்துபோன மரபுச் செய்தி தெரிந்திருக்கக்கூடும். ஆனால் பாடலுக்குரிய நம்பகத்தை அப்படியே கொளுவுக்கும் மாற்றிக் கொடுப்பது முறையன்று.

அடுத்த சான்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில், அதாவது 985க்கும் 1014க்கும் இடையில், பொறிக்கப்பட்ட செய்யுள் நடையிலான கல்வெட்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஏழாம் தொகுதியில் 863ஆம் எண்ணில் அச்சாகியுள்ள இது, கபிலர் பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டு, வீடுபேற்றை எண்ணித் தீப்புகுந்தார் என்றும், அவ்வாறு தீப்புகுந்த இடமே பெண்ணையாற்றில் உள்ள கபிலக்கல் என்றும் தெரிவிக்கிறது. கொளுவோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடுகள் வரிசையாக வெளிப்படும். அங்கே உண்ணாநோன்பு, இங்கே தீ. அங்கே மகளிர் பன்மை, இங்கே பெண் ஒருமை. அங்கே பார்ப்பார், இங்கே மலையன். அங்கே இடம் சொல்லப்படவில்லை, இங்கே ஆற்றின் நடுவிலுள்ள பாறையே சுட்டிக் காட்டப்படுகிறது.

இவ்விரண்டில் எது உண்மை என்று கேட்பதே ஆய்வாளரின் முதல் உந்துதலாக இருக்கும். கல்லில் வெட்டியது அழியாதது, ஏட்டில் எழுதியது திருத்தத்துக்கு உள்ளாவது என்ற எண்ணத்தால் கல்வெட்டையே ஏற்போர் உண்டு; பாடலுக்கு அருகில் இருப்பதால் கொளுவையே ஏற்போரும் உண்டு; வடக்கிருந்து பின் தீப்புகுந்தார் என்று இரண்டையும் இணைத்து முடிப்போரும் உண்டு. மூன்றாவதாகச் சொன்ன இணக்கம் எந்தச் சான்றிலும் இல்லாத ஒரு புதிய கதையை உருவாக்குகிறது என்பதால் அதுவே மூன்றிலும் ஆபத்தானது. சான்றுகள் முரண்படும்போது முரண்பாட்டை மறைத்துச் சமரசம் செய்யும் பழக்கம் தமிழ் ஆய்வில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

கேள்வியை மாற்றிக் கேட்டால் கல்வெட்டின் நிலையே மாறிவிடுகிறது. கபிலர் எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு, அவர் காலத்துக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வெட்டப்பட்ட கல்வெட்டு துணைமைச் சான்றே. எழுத்து கல்லில் இருப்பதால் மட்டும் அது கண்ணாரக் கண்டதாகிவிடாது. இராசராசன் காலத்துக் கோவலூர் மக்கள் கபிலரைப் பற்றி என்ன நம்பினார்கள் என்ற கேள்விக்கோ அதைவிடச் சிறந்த முதன்மைச் சான்று வேறொன்று இல்லை. சங்கப் புலவர் ஒருவரின் நினைவு சோழர் காலத்தில் ஓர் ஊரின் நிலக்குறியாக உயிரோடிருந்தது, ஆற்றுப் பாறை அவர் பெயரால் வழங்கியது, மலையமான் குடியோடு பாரியின் பெண்ணுக்கு மணவுறவு கற்பிக்கப்பட்டது ஆகிய மூன்றையும் அக்கல்வெட்டு ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறது.

கல்வெட்டை முழுமையாகப் படிப்போர் இன்னொன்றையும் காண்பர். கபிலரைப் பற்றிச் சொல்வது அதன் நோக்கமன்று. இராசராசனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குடியில் பிறந்தவள். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது இளங்குழந்தையைப் பிரிந்து தீப்புகுந்தவள். அவளைப் போற்றி, அவள் மகனைப் போற்றி, அவள் பிறந்த நாட்டின் கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடையைப் பதிவதே அதன் நோக்கம். அரசி தீப்புகுந்த செய்தி முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் வருவதால் அதற்குத் தனித்த உறுதி கிடைக்கிறது. கபிலர் பற்றிய பகுதியோ வீரட்டானம் எங்கே இருக்கிறது என்று இடஞ்சுட்டும்போது போகிற போக்கில் வந்து சேர்வது.

இரண்டாம் உலகப் போரின்போது செருமானியர்களால் 1944இல் கொல்லப்பட்ட பிரெஞ்சு வரலாற்றறிஞர் மார்க் பிளாக், வரலாற்று முறை பற்றிய தம் முற்றுப்பெறாத நூலில், பிறர் அறிய வேண்டும் என்று கருதியே விட்டுச்சென்ற சான்று, அவ்வாறு கருதாமல் தானே எஞ்சிய சான்று என்று ஒரு வேறுபாட்டை வலியுறுத்தினார். இரண்டாவதன்மேல் ஆய்வாளர்களின் நம்பிக்கை வளர்ந்து வந்ததையும் விளக்கினார். ஒரே கல்வெட்டில் இரண்டும் கலந்திருக்கக்கூடும் என்பதற்குக் கோவலூர்க் கல்வெட்டு எடுத்துக்காட்டு. அரசியின் புகழ் வேண்டுமென்றே சொன்னது, எனவே மிகைப்படுத்தலுக்கு இடமுண்டு. கபிலக்கல் தற்செயலாகச் சொன்னது, எனவே பொய் சொல்லும் தேவை அங்கே குறைவு. ஆயினும் தீப்புகுந்த அரசியைப் பாடிய அதே கவிஞர் சில அடிகள் கழித்துத் தீப்புகுந்த புலவரைப் பாடுகிறார் என்பதையும், பாரியின் பெண் சென்று சேர்ந்த குடி அரசியின் பிறந்த குடியாகவே இருப்பதையும் கவனத்தில் கொண்டால், வடக்கிருத்தல் தீப்புகுதலாக மாறியதும், பார்ப்பார் இருந்த இடத்தில் மலையன் வந்ததும் அக்கால அரசவையின் விருப்பத்தோடு தொடர்புடையனவாக இருக்கலாம் என்ற ஊகம் எழுகிறது. இது ஊகமே, ஆனால் சான்றின் நோக்கத்தைப் பார்க்காமல் செய்தியை மட்டும் பொறுக்கி எடுப்போருக்கு இந்த ஊகம் தோன்ற வழியே இல்லை.

இதற்கும் பிந்திய அடுக்கு ஒன்று இருக்கிறது. பாரியின் மகளிர் அங்கவை, சங்கவை என்றும், அவர்களைத் திருக்கோவிலூர் அரசன் தெய்வீகனுக்கு ஔவையார் மணமுடித்து வைத்தார் என்றும் தமிழ் நாவலர் சரிதை போன்ற பிற்கால நூல்களும் செவிவழிக் கதைகளும் கூறுகின்றன. புறநானூற்றில் அப்பெண்களின் பெயர்கள் இல்லை. 112ஆம் பாடலைப் பாடியோர் பாரி மகளிர் என்றே குறிக்கப்படுகின்றனர். இன்று பள்ளிப் பிள்ளைகள் முதல் மேடைப் பேச்சாளர்கள் வரை அறிந்திருக்கும் இரு பெயர்களும் சங்ககாலத்துக்கு மிகவும் பிந்திய மரபிலிருந்து வந்தவை. இப்பெயர்களைச் சங்ககால வரலாறாக எழுதும் ஆய்வேடு தவறு செய்கிறது. இடைக்காலத்து ஔவையார் கதைகள் எப்படி வளர்ந்தன என்று ஆராயும் ஆய்வேட்டுக்கோ அவையே முதன்மைச் சான்றுகள். கபிலக்கல்லாகக் காட்டப்படும் கபிலர் குன்றின் மேல் இன்று காணப்படும் சிறு கட்டுமானமும் அவ்வாறே: அது சங்ககாலத்தது அன்று, ஆனால் பாறையைப் புனிதமாகக் கருதிய பின்னோரைப் பற்றிப் பேசும் வல்லமை அதற்கு உண்டு.

கல்வெட்டைச் சான்றாகக் காட்டும் மாணவர் உண்மையில் எதைப் பார்த்தார் என்பதும் சொல்லப்பட வேண்டியது. கல்லில் உள்ள எழுத்தின்மேல் ஈரத்தாளை ஒற்றி மைதடவி எடுப்பது மைப்படி. மைப்படியைப் படித்து எழுதுவது பாடம். அது தொகுதியில் அச்சாகிறது. அதிலிருந்து வரலாற்று நூலாசிரியர் ஒருவர் சில வரிகளை எடுத்தாள்கிறார். அவர் நூலிலிருந்து மாணவர் எடுக்கிறார். நீலகண்ட சாத்திரியின் சோழர் வரலாற்றையோ சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றையோ படித்துவிட்டு, அடிக்குறிப்பில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்று எழுதுவது ஆய்வு நேர்மையில் ஏற்படும் ஓட்டை. தொகுதியைத் தாமே திறந்து பார்க்காதவர், இன்ன ஆசிரியர் எடுத்துக்காட்டியபடி என்று எழுதுவதே முறை. சிதைந்த எழுத்துகளைப் பதிப்பாசிரியர் எங்கே அடைப்புக்குறிக்குள் ஊகித்து நிரப்பியிருக்கிறார் என்பது தொகுதியைப் பார்த்தவருக்கே தெரியும். இரண்டாம் கையில் வரும்போது அடைப்புக்குறிகள் உதிர்ந்து, ஊகம் உறுதியாக நிலைத்துவிடும்.

தனித்தனியே தோன்றிய சான்றுகள் ஒன்றையொன்று தாங்கும்போது கிடைக்கும் உறுதிக்குத் திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள சம்பை எடுத்துக்காட்டாகிறது. அங்குள்ள இயற்கைக் குகைத்தளத்தில் 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினரால் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ என்ற அடைமொழியோடு அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி அது என்று கூறுகிறது. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சேர்த்துக் குறிக்கப்படும் சதியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் வழக்காடப்பட்ட செய்தி. அதியர் என முன்பே ஊகித்தோர் இருந்தாலும், கோசர் என்றும் வேறு குடியினர் என்றும் கருத்துகள் பலவாக இருந்தன. ஐராவதம் மகாதேவன் கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கணித்த ஒரே வரிப் பொறிப்பு, வடக்கே பிராகிருதத்தில் எழுதப்பட்ட அரச ஆணையையும் தெற்கே ஔவையார் பாடிய தலைவனையும் இணைத்துவிட்டது. அதன் உண்மைத்தன்மையை ஐயுற்றோரும் இருந்தனர் என்பதையும் ஆய்வாளர் பதிவு செய்ய வேண்டும். மறுப்புகளைச் சொல்லாமல் விட்ட முடிவு வலுவானதாகத் தோன்றும், வலுவானதாக இராது.

சம்பைக் கல்வெட்டின் வலிமை எங்கே முடிகிறது என்பதும் கருதத்தக்கது. அதியமான் கோவலூரை வென்றதைப் புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார் பாடுகிறார். கோவலூருக்கு அருகில் அவன் பெயர் பொறித்த கொடை கிடைத்ததும், வெற்றி கல்லிலேயே நிறுவப்பட்டது என்று எழுதியோர் உண்டு. கல்வெட்டு சொல்வது துறவியர்க்கான பள்ளிக் கொடை மட்டுமே; போரைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை. அவன் செல்வாக்கு இப்பகுதியை எட்டியிருந்தது என்பதற்கு அது சான்று. கோவலூரை அழித்தான் என்பதற்குச் சான்று பாடல்தான். சான்று சொல்லும் எல்லையோடு நிற்பது கடினம், ஏனெனில் இரண்டு செய்திகள் அருகருகே இருக்கும்போது மனம் தானாகவே அவற்றை முடிச்சிட்டுவிடுகிறது. அதே 99ஆம் பாடலில் அவ்வெற்றியைப் பரணர் பாடினார் என்றும் ஔவையார் குறிப்பிடுகிறார். பரணர் பாடிய அந்தப் பாட்டு நம்மிடம் வந்து சேரவில்லை. இழந்துபோன சான்று ஒன்று இருந்தது என்பதற்கு எஞ்சிய சான்றே சாட்சி சொல்லும் அரிய இடம் அது. கிடைத்தவற்றையே இருந்தவை அனைத்துமாக எண்ணும் பழக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

காசுகளைப் பொறுத்தவரை சுருங்கச் சொல்லலாம். மலையமான் மரபினருடையவை எனக் கருதப்படும், குதிரை உருவமும் மலை, ஆறு போன்ற குறியீடுகளும் கொண்ட செப்புக் காசுகள் பெண்ணையாற்றுப் படுகையில் கிடைத்தன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். எழுத்துச் சான்றுக்கு வெளியே இப்படி ஒரு பொருட்சான்று கிடைப்பது பெரும் பேறு. ஆனால் ஆற்று மணலில் பொறுக்கப்பட்டு வணிகர் கைமாறி வரும் காசுக்கும், அகழாய்வுக் குழியில் இன்ன மண்ணடுக்கில் இன்ன பானையோட்டோடு கிடைத்த காசுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னதன் காலத்தை உருவத்தையும் எழுத்தையும் கொண்டு மட்டுமே கணிக்க வேண்டியிருக்கிறது. சங்கப் பாடலைக் கொண்டு காசை அடையாளம் கண்டு, பிறகு அதே காசைக் கொண்டு சங்கப் பாடலின் காலத்தை நிறுவுவது ஒரே வட்டத்தைச் சுற்றிவரும் வேலை.

எத்தனை நூல்கள் ஒரு செய்தியைச் சொல்கின்றன என்பது எத்தனை சாட்சிகள் இருக்கின்றன என்பதற்கு அளவாகாது. கோவலூரிலிருந்து சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு இதைக் காட்டும். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் அவருக்கு ஓர் அடி கூட முழுமையாக இல்லை. பெயரும் ஒரு புகழ்மொழியும் மட்டுமே உள்ளன. நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியில் அது ஒரு பாட்டாகி, தவவேடம் பூண்ட பொய்யனும், தன்னைக் குத்தியவனைக் காக்குமாறு அரசன் தன் மெய்க்காவலன் தத்தனிடம் சொன்னதும் வந்துவிடுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் அது முழுக் கதையாக விரிந்து, பகைவனுக்கு முத்தநாதன் என்ற பெயரும் சேர்கிறது. அதன்பின் வந்த உரைகளும் உரைநடைச் சுருக்கங்களும் தலவரலாற்றுச் சிறு நூல்களும் நூற்றுக்கணக்கில் பெருகினாலும் அவை சேக்கிழாரிடம் கடன் வாங்கியவை. சாட்சிகளாக எண்ணும்போது மூன்றுக்கு மேல் போகாது, அம்மூன்றும் ஒன்றன் வழியில் ஒன்று வந்தவை. சேக்கிழார் வேறு மரபுச் செய்திகளையும் அறிந்திருக்கலாம் என்பது ஏற்கத்தக்கதே. ஆயினும் அதை ஆய்வாளர் காட்ட வேண்டும், கருதிக்கொள்ளக் கூடாது. பொய்கை, பூதம், பேய் ஆகிய முதலாழ்வார் மூவரும் மழையிரவில் இவ்வூர் இடைகழியில் சந்தித்த செய்தியும் இத்தகையதே. கோவலூர் இடைகழி பொய்கையாழ்வாரின் அந்தாதியிலேயே இடம்பெறுகிறது. ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் போதுமான இடம் என்று தொடங்கும் கதை, பின்னாளில் குருபரம்பரை நூல்களில் விரிந்தது.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து நூல்களுக்கு வரும்போது, ஒரே நூல் ஒரு பக்கத்தில் முதன்மையாகவும் அடுத்த பக்கத்தில் துணைமையாகவும் இருப்பதைக் காணலாம். தென் ஆர்க்காடு மாவட்டத்தைப் பற்றிக் கார்ச்டின் 1878இல் ஒரு கையேட்டையும், பிரான்சிசு 1906இல் ஒரு விவரச்சுவடியையும் வெளியிட்டனர். வரி, விளைச்சல், பஞ்சம், பாசனம் ஆகியவை பற்றி அலுவலகத் தாள்களைக் கொண்டு அவர்கள் எழுதிய பகுதிகள் அக்காலத்துக்கு முதன்மையானவை. அதே நூல்களின் வரலாற்று இயல்களோ துணைமையானவை, அதிலும் காலங்கடந்தவை. சம்பைக் கல்வெட்டும் மலையமான் காசுகளும் வெளிப்படாத நாளில் எழுதப்பட்டவற்றை இன்று சங்ககாலத்துக்கு மேற்கோள் காட்டுவதில் பயனில்லை. சாதிகளைப் பற்றிய பகுதிகளில் அதிகாரி யாரிடம் கேட்டார், யாரிடம் கேட்கவில்லை என்பதே முதலில் எழ வேண்டிய ஐயம்.

இவ்வட்டாரத்து ஆவணங்களைத் தேடுவோர் மாவட்ட எல்லைகளின் வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் உருவானது. அதற்கு முன் இப்பகுதி 1993இல் பிரிக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டத்திலும், அதற்கும் முன் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆர்க்காட்டிலும் இருந்தது. சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக்காப்பகத்தில் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று கேட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பும் மாணவர் தவறான பெயரில் தேடியவர். இவ்வட்டாரத்துக் கல்வராயன் மலையோ இன்றும் சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே பங்கிடப்பட்டிருப்பதால் அதன் ஆவணங்கள் சேலம் மாவட்டக் கோப்புகளிலும் சிதறிக் கிடக்கும்.

இணையத்தில் கிடைப்பவை பற்றி இங்கே ஒரு சொல் போதும். கலைக்களஞ்சியக் கட்டுரைகள் வழிகாட்டிப் பலகைகள்; அவற்றின் அடிக்குறிப்பு வரை சென்று மூலத்தைத் திறப்பவருக்கு அவை உதவுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் பல இன்று வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன என்பதால் மூலத்தைப் பார்க்கவில்லை என்பதற்கான சாக்குகளும் குறைந்துவிட்டன. கேட்டவுடன் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத தொகுதிக்கு இல்லாத எண்ணைக் கூடத் தயக்கமின்றித் தந்துவிடும். 863 என்ற எண்ணை யார் சொன்னாலும் தொகுதியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கண்ணால் காண்பதே சரிபார்ப்பு.

எழுதப்படாத சான்றுகள் கல்வராயன் மலையில்தான் நிறைந்திருக்கின்றன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயர் அவ்வாறிருந்தாலும் கேரளத்தோடு தொடர்பற்றவர்கள், தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்தனர் என்றும், அண்ணன் தம்பியர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்களிடையே வழங்கும் கதையை எட்கர் தர்சுடன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளுக்குள் பதிந்துள்ளார். எந்த மலையில் எந்த அண்ணன் தங்கினான் என்பது சொல்வோருக்கேற்ப மாறுகிறது. எழுத்துச் சான்றுக்குப் பழகிய ஆய்வாளர் இம்மாற்றத்தைக் குறையாகக் கருதி, சரியான வடிவம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முனைவார். வாய்மொழி மரபில் ஒவ்வொரு மலையினரும் தம் மலைக்கு மூத்தவனை உரிமையாக்கிக்கொள்வதே ஆராயத்தக்க செய்தி. வடிவங்களை ஒன்றாக்கினால் அச்செய்தி மறைந்துவிடும். காஞ்சியிலிருந்து வந்தார்களா என்ற கேள்விக்கு இக்கதை தளர்ந்த சான்று. தம்மைச் சமவெளி வேளாண் குடியினராகவே அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள் என்பதற்கு உறுதியான சான்று.

நெடுங்காலம் கல்வராயன் மலை மூன்று சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது; 1976இல்தான் அது அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தது. அதற்கு முந்திய அரசுக் கோப்புகளில் சாகிர்தார்கள் கடிதம் எழுதுவோராகவும் கடிதம் பெறுவோராகவும் வருகிறார்கள். நிலத்தை உழுதவர்களோ பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். எவ்வளவு தானியம் கொடுக்கப்பட்டது, கூலியின்றி எத்தனை நாள் உழைக்க வேண்டியிருந்தது, மறுத்தால் என்ன நேர்ந்தது என்ற கேள்விகளுக்குக் கோப்புகளில் விடை தேடுவோருக்கு ஒரு தரப்பின் கணக்கே கிடைக்கும். மறுதரப்பை உழுதவர்களின் நினைவிலிருந்து நேர்காணல் வழியாகவே பெற முடியும். ஆனால் நினைவு தேதிகளில் தவறும், தொகைகளைக் கூட்டியோ குறைத்தோ சொல்லும், பின்னாளில் கேட்டறிந்ததைத் தான் கண்டதாக ஏற்கும். எனவே நேர்காணலில் பேசியவர் தாம் கண்டதைச் சொன்னாரா, தந்தையிடம் கேட்டதைச் சொன்னாரா என்பதைத் தனித்தனியே குறிக்க வேண்டும், ஒலிப்பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும், பேசியவரின் ஒப்புதலைப் பெற வேண்டும், பெயரை மறைக்கச் சொன்னால் மறைக்க வேண்டும். இவ்வளவு செய்தபின் நில அளவைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டால், எங்கே நினைவு பிசகியது, எங்கே பதிவேடு மௌனமாக இருந்தது என்பது ஊர் ஊராகத் தெரியவரும். சாகிர் முறையைப் பெரியவர்களாக இருந்து கண்டவர்களுக்கு இன்று அறுபத்தைந்து வயதுக்குக் குறைவில்லை. பதிவேடுகள் காப்பகத்தில் காத்திருக்கும் என்பதால், மலையேறும் வேலையை ஆய்வு மாணவர்கள் முதலில் வைத்துக்கொள்ளலாம்.